பருவகாலப் பொதுக் குழந்தை

டன்மோர் மாவட்ட நீதிமன்றத்தின் புல்வெளியில் முப்பத்தொரு டிசம்பர்களில் இயேசு பாலனாகப் படுத்திருந்த மரக்குழந்தை, முப்பத்திரண்டாவது டிசம்பர் வருமுன் ஒரு நீதிபதியின் கையெழுத்தால் வேறு யாரோ ஆகிவிட்டது. தீர்ப்பின் நாற்பத்தொன்றாம் பாராவில் அதற்கு வைத்திருந்த பெயர் 'பருவகாலப் பொதுக் குழந்தை'. இதைக் கேட்டு ஊரிலேயே அதிகமாகக் குழம்பிப் போனவள் ஆர்டிஸ் டோலெஃப்சன். குழம்புவதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. அந்தக் குழந்தையின் முகம் அவள் பெற்ற பிள்ளையின் முகம்.

பிள்ளை பதினொரு நாள்தான் இருந்தான். அடக்கம் முடிந்த பிறகு அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கணவன் மெர்வின் வாகனக் கொட்டகையில் அடுப்பைப் போட்டுக்கொண்டு மரம் செதுக்கினான். முதலில் குழந்தை. பிறகு அதைத் தனியாக விட மனமில்லாமல் மரியாள், யோசேப்பு, மூன்று ஞானிகள், ஒரு மாடு. மாடு மட்டும் நாய் போல வந்துவிட்டது. யார் மனமும் நோகப் பேசாத மின்னசோட்டா மாநிலத்துக்காரர்கள் என்பதால் ஊரில் ஒருவரும் அதை அவனிடம் சொல்லவில்லை. 'நாலு பேர் பார்க்கிற இடத்துல இருக்கட்டும்' என்று மெர்வின் நினைத்தான். ஒவ்வொரு டிசம்பரும் நீதிமன்றப் புல்வெளிக்கு இரவல் கொடுத்து, ஜனவரியில் தன் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவான். அவன் போன பிறகு ஆர்டிஸ் தனியாகவே ஏற்றி இறக்கினாள். அவளுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்துநாலு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். டன்மோரில் பாதிப்பேர் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வளர்ந்தவர்கள், கண்ணாடி வழியாக அவளிடம் திட்டு வாங்கியவர்கள்.

லோவெல் ஃபைஸ்ட் அப்படி வளர்ந்தவர் அல்ல. வேதியியல் கற்பிக்க வெளியூரிலிருந்து வந்தவர். கடவுள் நம்பிக்கை கிடையாது. முப்பத்தொன்றாவது டிசம்பரில் அவர் மனைவி சுட்ட ஆப்பிள் அப்பத்தோடு ஆர்டிஸ் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"உங்க மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லீங்க ஆர்டிஸ். பொம்மைங்க அழகா இருக்கு. இடம்தான் தப்பு. அரசாங்க நிலத்துல ஒரு மதத்தோட சாமியை மட்டும் வைக்கக் கூடாது, அரசியல் சட்டம் அப்படித்தான் சொல்லுது. வழக்குப் போடலாம்னு இருக்கேன். மொதல்ல உங்ககிட்ட சொல்லிடணும்னு தோணிச்சு."

ஆர்டிஸ் அப்பத்தை இரண்டு துண்டு வெட்டினாள். "வழக்கெல்லாம் எதுக்குங்க? நாளைக்கே வண்டியில ஏத்தி இங்க கொண்டு வந்துடறேன்."

"அப்படிச் செஞ்சீங்கன்னா வழக்கே இல்ல."

அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் தொடர்பான ஒரு பெரும் சிக்கல் இப்படியாக ஒரு துண்டு அப்பத்தில் தீர்ந்தது. மறுநாள் அதைக் கெடுத்தவர் டுவேன் க்ரோக்ஸ்டாட்.

க்ரோக்ஸ்டாட் மாவட்ட ஆணையர் குழுவின் தலைவர். மாநில மேலவைக்கு நிற்கப்போவதாக ஊருக்கே தெரியும். மெர்வின் கட்டிய கிறிஸ்து பிறப்புக் குடிலின் முன்னால் கையை விரித்து நின்று ஆர்டிஸின் வண்டியை மறித்தார்.

"மிஸஸ் டோலெஃப்சன், இப்ப எடுத்துட்டீங்கன்னா நாம பயந்துட்டோம்னு ஆயிடும். ஆண்டவருக்காக யாராவது நிக்க வேணாமா?"

"ஆண்டவர் படுத்துதானேப்பா இருக்காரு. அவருக்குக் குளுருது, நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அது முடியாது. இது இப்ப கொள்கைப் பிரச்சனை."

லோவெல் வழக்குப் போட்டார். ஜனவரியில் ஆர்டிஸ் வழக்கம்போல் வண்டியோடு போனபோது குழந்தையின் கால் கட்டைவிரலில் ஒரு சீட்டுக் கட்டியிருந்தது: சாட்சிப் பொருள் 14-பி. வழக்கு முடியும்வரை தொடக்கூடாது என்றார்கள்.

மாவட்டத்துக்காக வாதாடத் தலைநகரிலிருந்து பிராட்ஃபர்ட் லைல் வந்தார். 'விசுவாசக் கேடயம்' என்ற அமைப்பின் வழக்கறிஞர். நாடு முழுவதும் ஆண்டவரைப் பதினேழு வழக்குகளில் காப்பாற்றியிருக்கிறார். மெர்வினின் குடிலை மூன்று முறை சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்ப மதமா இருக்கே."

"குடில்னா மதமாத்தானே இருக்கும்?" என்றாள் ஆர்டிஸ்.

"அதுதான் மேடம் பிரச்சனை. மதமா இருந்தா தோத்துடுவோம். மதத்தைக் காப்பாத்தணும்னா மொதல்ல அதை மதம் இல்லாம ஆக்கணும்."

அன்று மாலைக்குள் குடிலைச் சுற்றி நான்கு பிளாஸ்டிக் கலைமான்கள், ஒரு பனிமனிதன், கோடிட்ட மிட்டாய்க் கம்புகள், கழுத்தில் கம்பளி சுற்றிய ஒரு பெங்குவின் எல்லாம் வந்து நின்றன. லைலின் உதவியாளர் பாலனுக்கும் பெங்குவினுக்கும் நடுவே அளவு நாடாவைப் பிடித்தார். ஆறடி நாலங்குலம். "இன்னும் கிட்ட" என்றார் லைல். மூன்றடிக்கு வந்தது. மேலே ஒரு பலகை ஏறியது: 'குளிர்காலப் பாரம்பரியக் காட்சி'. ஞானிகள் மூவரும் 'பயணிகள்' ஆனார்கள். மாட்டை மட்டும் அவர்கள் மாற்றவில்லை. அது ஏற்கெனவே போதுமான அளவு குழப்பமாக இருந்தது.

செப்டம்பரில் நகரத்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் விசாரணை. நீதிபதி க்ரல் உள்ளே வரும்போது சேவகர் எழுந்து, "கடவுள் அமெரிக்காவையும் இந்த மாண்புமிகு நீதிமன்றத்தையும் காப்பாராக!" என்று முழங்கினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு உட்கார்ந்து, அரசாங்கக் கட்டடத்தில் கடவுள் பெயரைச் சொல்லலாமா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள்.

முதல் சாட்சி அலங்காரவியல் அறிஞர் ஒருவர். ஒவ்வொரு பொருளின் உயரத்தையும் நிறத்தையும் தூரத்தையும் கணக்கிட்டு, அந்தக் காட்சியில் புனிதம் இருபத்துமூன்று சதவீதம்தான் என்று சொன்னார்.

"இருபதுக்குக் கீழே வருமா?" என்று கேட்டார் நீதிபதி.

"இளஞ்சிவப்புப் பூநாரைப் பொம்மை ஒன்று சேர்த்தால் வரும், கனம் நீதிபதி அவர்களே. கிறிஸ்துமஸ் தாத்தா தொப்பியோடு என்றால் பதினெட்டரை."

நீதிபதி குறித்துக்கொண்டார். மதிய இடைவேளைக்குள் டன்மோர் புல்வெளியில் பூநாரை நின்றது.

பிறகு ஆர்டிஸைக் கூண்டில் ஏற்றினார்கள். முப்பது வருடப் பழக்கம் இது என்று அவள் சொல்லவேண்டும், அவ்வளவுதான் என்று லைல் சொல்லியிருந்தார். சொன்னாள். லோவெலின் வழக்கறிஞர் எழுந்தார்.

"அம்மா, சாட்சிப் பொருள் 14-பி யார்?"

"ஆட்சேபம்!" என்று குதித்தார் லைல். "அது யார் என்பது சட்டப் பிரச்சனை. சாட்சிக்கு அதில் தேர்ச்சி இல்லை."

"என் வீட்டுக்காரர் செஞ்சதுங்க" என்றாள் ஆர்டிஸ்.

நீதிபதி க்ரல் கண்ணாடியைக் கழற்றிக் கனிவோடு திரும்பினார். "அம்மா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை. செய்தவர் நினைத்ததும் முக்கியமில்லை. 'நியாயமான பார்வையாளர்' என்று சட்டத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் அந்த வழியே போனால் என்ன நினைப்பார் என்பதுதான் கேள்வி."

"அவர் எந்த ஊருங்க?"

"எந்த ஊரும் இல்லை. அவரை யாரும் பார்த்ததில்லை."

"பாக்காம எப்படித் தெரியும்?"

"அவர் எங்கும் இருக்கிறார். எல்லா வரலாறும் அவருக்குத் தெரியும். ஒருபோதும் தவறமாட்டார். அவர் மனதில் இருப்பதை நாங்கள் இங்கே உட்கார்ந்து அறிந்து சொல்கிறோம்."

ஆர்டிஸ் சற்று யோசித்தாள். "எங்க பாஸ்டரும் ஞாயித்துக்கிழமை இதேதாங்க சொல்றாரு. ஆனா வேற ஆளைப் பத்தி."

நீதிமன்றக் குறிப்பிலிருந்து அந்த வரியை நீக்க உத்தரவானது.

கடைசியாக க்ரோக்ஸ்டாட் ஏறினார். வேதாகமத்தின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தார். லோவெலின் வழக்கறிஞர் மூன்றே கேள்விகள்தான் கேட்டார்.

"இந்தக் குழந்தை யாருடைய பிறப்பைக் குறிக்கிறது?"

"குறிப்பா யாரையும் இல்லீங்க. பொதுவா, பிறப்பை."

"பக்கத்தில் இருப்பது மரியாள்தானே?"

"அது ஒரு அம்மா. குளிருக்குப் போர்த்தியிருக்காங்க."

"முப்பத்தொரு வருடத்தில் ஒருமுறையாவது அந்தக் கொட்டிலில் இயேசு கிறிஸ்துவை நீங்கள் பார்த்ததுண்டா?"

க்ரோக்ஸ்டாட் லைலைப் பார்த்தார். லைல் இல்லை என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினார்.

"இல்ல. அப்படி ஒருத்தரை நான் அங்க பாத்ததே இல்ல."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆர்டிஸ் எழுந்து வெளியே போனாள். தாழ்வாரத்துக் காப்பி இயந்திரத்தருகே லோவெல் நின்றிருந்தார்.

"இந்தக் கட்டடத்துலயே அது இயேசுன்னு சொல்றது ரெண்டே பேர்தான் ஆர்டிஸ். நீங்களும் நானும். எனக்கு அவர் மேல நம்பிக்கையும் கிடையாது."

அவள் அன்று முதன்முதலாகச் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

நவம்பரில் எழுபத்தெட்டுப் பக்கத்தில் தீர்ப்பு வந்தது. மாவட்டம் ஜெயித்தது. அந்தக் குழந்தை ஒரு பருவகாலப் பொதுக் குழந்தை. பக்கத்திலுள்ள பெங்குவினைவிடக் கூடுதலான சமயப் பொருள் எதுவும் அதற்கு இல்லை. க்ரோக்ஸ்டாட் நீதிமன்றப் படிக்கட்டில் நின்று தொலைக்காட்சிக்காரர்களிடம் கையை உயர்த்தினார்: "ஆண்டவர் ஜெயிச்சார்!"

ஆர்டிஸ் தீர்ப்பை மூன்று நாள் உட்கார்ந்து படித்தாள். பிறகு லைலைத் தேடிப் போனாள்.

"அது சாமி இல்லேன்னு ஆயிடுச்சு. அப்ப உங்களுக்கு அது தேவையில்ல. என் பிள்ளையைக் குடுத்துடுங்க."

"மேடம், அறுபத்திரண்டாம் பாராவைப் பாருங்க. முப்பது வருஷம் இருந்ததால அது மாவட்டத்தோட பாரம்பரியச் சொத்து. இப்ப அகற்றினா மதத்தின் மீதான பகைமைன்னு அர்த்தம் ஆயிடும்."

"நாப்பத்தொண்ணுல அது மதமே இல்லன்னு போட்டிருக்கே?"

"நாப்பத்தொண்ணுல இல்ல. அறுபத்திரண்டுல உண்டு."

"நடுவுல எங்க மதம் மாறிச்சு?"

லைல் கடிகாரத்தைப் பார்த்தார். "ஐம்பத்துநாலாம் பாரா வாக்குல."

வீட்டுக்குப் போகிற வழியில் ஆர்டிஸ் லூத்தரன் கல்லறைத் தோட்டத்தில் வண்டியை நிறுத்தினாள். இரண்டு கற்கள், ஒன்று பெரியது, ஒன்று ரொட்டி அளவு. அங்கே நின்று அவள் ஜெபம் செய்ததாகத்தான் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். உண்மையில் அவள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, நண்பகல் பன்னிரண்டரை மணி. நீதிமன்ற ஊழியர்கள் எல்லோரும் சன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடும் நேரமாகப் பார்த்து ஆர்டிஸ் புல்வெளியில் வண்டியை ஏற்றினாள். பழைய பேருந்து ஓட்டுநர் மேற்சட்டையைப் போட்டிருந்தாள். குழந்தையைப் பலகையோடு நான்கு திருகாணிகள் போட்டு முடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றினாள், அவசரமே இல்லாமல். மெர்வின் படுத்த கம்பளியில் குழந்தையைச் சுற்றினாள். கொட்டில் வெறுமையாகக் கிடக்கக் கூடாதென்று தீர்ப்பின் நகலை வெள்ளைத் துணியில் பொதிந்து முன்னணை என்ற தீவனத் தொட்டியில் கிடத்தினாள். எடை ஏறக்குறைய சரியாக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் காவலர் வந்தார். அவரும் அவள் பேருந்தில் போனவர்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"ஆர்டிஸ், நீங்கதான் எடுத்தீங்களா?"

"நான்தாம்பா எடுத்தேன். எல்லாரும் பாத்தாங்களே. கால்ல பனியைத் தட்டிட்டு உள்ள வா, காப்பி ஊத்தறேன்."

பொம்மையை எடுத்ததற்குச் சின்ன வழக்கு ஒன்று போட்டு முடித்திருக்கலாம். அரசு வழக்கறிஞரும் அதைத்தான் சொன்னார். க்ரோக்ஸ்டாட் விடவில்லை. தேர்தல் வருடம் பிறக்கப் போகிறது. 'விசுவாசத்தின் மீது தாக்குதல்' என்று துண்டறிக்கை அடித்தாகிவிட்டது. கடைசியில் 'வழிபாட்டுக்குரிய புனிதப் பொருளைக் கவர்ந்து அவமதித்தல்' என்ற பெரிய பிரிவில் வழக்குப் பதிவானது. ஐந்து வருடம் வரை சிறை.

குற்றப்பத்திரிகையை லோவெல் இரண்டு முறை படித்தார். ஒரு சொல்லில் விரலை வைத்தார்.

"ஆர்டிஸ், 'புனிதப் பொருள்'னு எழுதியிருக்காங்க."

"பாத்தேன்."

"க்ரோக்ஸ்டாட் வந்து அது புனிதம்னு சத்தியம் பண்ணியாகணும். நல்ல வக்கீல் ஒருத்தரைப் பிடிப்போம்."

"வக்கீல் வேணாம் லோவெல். டுவேனை எட்டு வயசுலேருந்து எனக்குத் தெரியும். நானே பேசிக்கறேன்."

ஏப்ரலில் விசாரணை. டன்மோர் நீதிமன்றத்தின் கூடம் அன்று நிறைந்து வழிந்தது. மடிப்பு நாற்காலிகள் போதாமல் ஆலயத்திலிருந்து கொண்டுவந்தார்கள். குற்றமா இல்லையா என்று முடிவு செய்யப் பன்னிரண்டு நடுவர்கள், எல்லோரும் உள்ளூர்ச் சாதாரண ஜனங்கள். க்ரோக்ஸ்டாட் புதுக் கோட்டில் சிலுவைப் பதக்கம் குத்திக்கொண்டு ஏறினார். அரசு வழக்கறிஞர் கேட்டதும் குரல் தழுதழுத்தது.

"அது வெறும் மரம் இல்லீங்க. அது என் இரட்சகர். அந்தக் கொட்டில் காலியா கிடந்ததைப் பாத்தப்போ என் ஆத்துமாவே திருட்டுப் போன மாதிரி இருந்தது."

கூடத்தில் ஒருசிலர் மூக்கைச் சிந்தினார்கள். ஆர்டிஸ் எழுந்தாள். கையில் நீதிமன்றப் பதிவின் முத்திரையிட்ட நகல்.

"டுவேன், நேரா உக்காரு."

க்ரோக்ஸ்டாட் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவர்களில் நான்கு பேரும் சேர்ந்து நிமிர்ந்தார்கள்.

"இன்னிக்குச் சத்தியம் பண்ணிட்டுத்தானே ஏறினே?"

"ஆமா, மிஸஸ் டோலெஃப்சன்."

"செப்டம்பர்லயும் பண்ணினியே?"

"ஆமா."

"ரெண்டு தடவையும் அதே கடவுள்தானா?"

அரசு வழக்கறிஞர் ஆட்சேபம் சொல்ல எழுந்தார், யோசித்தார், மறுபடி உட்கார்ந்தார். ஆர்டிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

"பக்கம் நூத்திப் பன்னெண்டு. இந்தக் குழந்தை யாரோட பிறப்பைக் குறிக்குதுன்னு கேட்டாங்க. அவன் சொன்னான்: குறிப்பா யாரையும் இல்ல." நிறுத்தினாள். "அதே பக்கம், ரெண்டாவது கேள்வி. பக்கத்துல இருக்கறது மரியாள்தானேன்னு கேட்டாங்க. அவன் சொன்னான்: அது ஒரு அம்மா." பக்கத்தைப் புரட்டினாள். "பக்கம் நூத்திப் பதிமூணு. இயேசு கிறிஸ்துவை அங்க பாத்ததுண்டான்னு மூணாவது தடவையா கேட்டாங்க. அவன் சொன்னான்: அப்படி ஒருத்தரை நான் பாத்ததே இல்ல."

டன்மோர்க்காரர்களுக்குச் சட்டம் தெரியாது. ஞாயிறு பள்ளிப் பாடம் தெரியும்: இயேசுவை யாரென்றே தெரியாது என்று சீடன் பேதுரு மூன்று தரம் சொன்ன கதை. மூன்று தரம் மறுதலித்தால் அடுத்து என்ன வரவேண்டும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த வான்கோழிப் பண்ணைக்காரர் எல்ராய் இருபது வருடமாகச் சபையில் வாய் திறந்து பாடியதில்லை. அவர் கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, முழுத்தொண்டையில் கூவினார்.

"கொக்கரக்கோ!"

நீதிபதி சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கூடம் அடங்க ஆறு நிமிடம் ஆயிற்று. க்ரோக்ஸ்டாட்டின் முகம் புல்வெளிப் பூநாரையின் நிறத்துக்கு வந்திருந்தது.

"இது நியாயம் இல்ல!" என்று கூண்டிலிருந்தே கத்தினார். "நீதிமன்றத்துல அப்படித்தான் சொல்லியாகணும், எல்லாருக்கும் தெரியும்! சட்டத்துக்கு ஒரு பேச்சு, சனங்களுக்கு ஒரு பேச்சு! வக்கீலே எழுதிக் குடுத்தாரு! நான் அன்னிக்கு மறுத்ததே அவருக்காகத்தான்! அவர் புரிஞ்சுக்குவாரு!"

"புரிஞ்சுக்குவாரு" என்றாள் ஆர்டிஸ். "ஆனா பாரு டுவேன், எனக்கு இதுல ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இது புனிதப் பொருள்னா அன்னிக்கு நீ சத்தியம் பண்ணிச் சொன்னது பொய். புனிதம் இல்லேன்னா நான் எடுத்தது பெங்குவின் பக்கத்துல கிடந்த ஒரு பொம்மை. எது வேணுமோ நீயே எடுத்துக்க. எனக்கு அவசரம் இல்ல. எங்க வீட்ல அடுப்புல எதுவும் இல்ல."

சுருக்கெழுத்தாளர் விரலை உயர்த்திக் காத்திருந்தார். மேலும் பேசுவது தனக்கே எதிரான சாட்சியாகலாம் என்பதால் பேச விரும்பவில்லை என்று க்ரோக்ஸ்டாட் கடைசியில் முணுமுணுத்தார். அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம் அவருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருந்தது. முதல் திருத்தத்துக்காகப் போர்க்கொடி தூக்கியவர் ஐந்தாவதுக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

நடுவர்கள் பதினாலு நிமிடத்தில் திரும்பினார்கள். அதில் ஒன்பது நிமிடம் டோனட் சாப்பிட. ஆர்டிஸ் குற்றவாளி இல்லை.

அதோடு முடியவில்லை. மூன்று மாதம் கழித்து, லோவெலின் மேல்முறையீட்டில் மேல் நீதிமன்றம், புல்வெளியில் குழந்தையே இல்லாததால் வழக்கும் இல்லை என்று கண்டு, நீதிபதி க்ரலின் எழுபத்தெட்டுப் பக்கத்தையும் ரத்து செய்தது. க்ரல் வாழ்நாள் பதவியில் இருப்பவர். அவரை யாரும் எதுவும் செய்ய முடியாது. அந்தத் தீர்ப்பை இனி யாரும் மேற்கோள் காட்டவும் முடியாது. அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது என்று கேள்வி. லைல் பக்கத்து மாநிலத்தில் வேறொரு ஆண்டவரைக் காப்பாற்றப் போய்விட்டார்.

க்ரோக்ஸ்டாட்டால் எங்கும் போக முடியவில்லை. கோடைத் திருவிழாவில் அவர் மேடையேறினார், சோளக்கதிர் விற்கிற வரிசையிலிருந்து ஒருவர் கூவினார். முதியோர் இல்லத்தில் ஓட்டுக் கேட்கப் போனார், சக்கர நாற்காலியிலிருந்து ஒரு கிழவி மெல்லிய குரலில் கூவினாள். தானியக் கிடங்கில், முடிவெட்டும் கடையில், அவருடைய சொந்த மச்சான் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில். எல்லோரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். மின்னசோட்டாக்காரர்கள் ஆயிற்றே. கூவிவிட்டு, "மன்னிக்கணும்" என்றார்கள்.

அக்டோபரில் ஒருநாள் போதகர் நார்ட்பி ஆர்டிஸ் வீட்டுக்கு வந்தார். முன்சன்னலில் சாலையைப் பார்த்தபடி குழந்தை படுத்திருந்தது. லோவெல் வந்து அதற்கொரு சின்ன விளக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். போதகர் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"டுவேன் என்கிட்ட வந்து அழுதான் ஆர்டிஸ். நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கலையாம். சேவல் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குதாம். அவன் செஞ்சது தப்புதான். ஆனா பேதுருவையே ஆண்டவர் மன்னிச்சாரே. நீங்க அவனை மன்னிச்சிட்டீங்கன்னு ஒரு வார்த்தை சபையில சொன்னீங்கன்னா ஊரே விட்டுடும்."

ஆர்டிஸ் இன்னொரு துண்டு கேக்கை அவர் தட்டில் வைத்தாள்.

"மன்னிக்காம விடுவேனா பாஸ்டர்? மன்னிக்கணும்னுதான் நானும் இருக்கேன். அதுக்காகத் தினமும் ஜெபம் பண்றேன்."

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமையே..."

"கொஞ்சம் பொறுங்க. இதெல்லாம் மனசு கனிஞ்சு வரணும்."

போதகர் தட்டைக் காலி செய்துவிட்டு, நம்பிக்கையோடு போனார். ஆர்டிஸ் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். நவம்பரில், வாக்கு எண்ணி முடித்து, க்ரோக்ஸ்டாட் தன் சொந்த வட்டாரத்திலேயே மூன்றாவதாக வந்த செய்தியை வானொலியில் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு, ஆர்டிஸ் டோலெஃப்சன் அவரை முழு மனதோடு மன்னித்தாள்.